கிடந்தே விளைந்த குலை

மைனி,

என் வெள்ளைச் சட்டையின் இடது தோளில் வாழைக்கறை. நேற்று தண்ணீர் போலத்தான் வடிந்தது. இன்று காலையில் பார்த்தால் காப்பிக் கொட்டை நிறத்தில் உறைந்து கிடக்கிறது. உங்கள் ஓர்ப்படியாள், என் வீட்டுக்காரி, எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நல்ல சட்டையப் போட்டுக்கிட்டா கொல தாங்கப் போவாவ? தோள்ல ஒரு துண்டப் போட்டா என்ன?" என்று சத்தம் போட்டாள். பஸ்ஸில் டிக்கெட் கேட்டுக் கத்தியே பழகிய கண்டக்டர் வாய் சும்மா இருந்ததில் அவளுக்கே பயம் வந்துவிட்டது.

நீங்கள் துண்டு போட்டதே இல்லையே. துண்டு வழுக்கும் என்பீர்கள். உங்கள் சேலைகளில் எவையெல்லாம் தை மாதத்துக் கண்காட்சிக்குப் போனவை என்று தோள் கறையை வைத்தே சொல்லிவிடலாம்.

பள்ளிக்கூட மைதானத்தில் தைக்குத் தை நடக்கும் விவசாயக் கண்காட்சிக்கு ஓர் ஏத்தன் வாழைக் குலை கொண்டுபோவது அப்பா காலத்திலிருந்து நம் வீட்டுப் பழக்கம். ஒருவர் வாழையின் தடையில், அந்த அடிமரத்தில், பாதி வெட்டுவார். வாழை மெல்லச் சாயும். கீழே நிற்பவர் குலையைத் தோளில் வாங்க வேண்டும். மைதானத்தில் கம்பில் தொங்கவிடும்வரை அது மண்ணில் படக்கூடாது. மண்ணில் பட்ட குலை காட்சிக்கு ஆகாது என்பது அப்பாவின் சட்டம். நீங்கள் அண்ணனைக் கட்டி வந்த வருடம், தாங்க வேண்டிய ஆள் வரவில்லை. அண்ணன் கத்தியும் கையுமாக முழித்துக்கொண்டு நின்றான். நீங்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நான் நிக்கேன், வெட்டுங்க" என்றீர்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த இடம் உங்களுடையது.

அந்தப் புயல் வருடம் நினைவிருக்கிறதா? ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்குப் பழகிய ஊர்தான் நாம். ஆனால் அது காற்றா மைனி? விடிந்து பார்த்தால் தோவாளை வரைக்கும் ஒரு வாழை நிற்கவில்லை. ஊரே அரிவாளோடு இறங்கி, பிஞ்சுக் குலைகளைக் கறிக்காவது ஆகட்டும் என்று வெட்டிக்கொண்டிருந்தது. காட்சிக்கு என்று நாம் பொத்திப் பொத்தி வளர்த்த வாழையும் அடியோடு சாய்ந்து, குலை சேற்றில் கிடந்தது. அண்ணன் கத்தியை ஓங்கினான்.

நீங்கள் வாழைக்கும் கத்திக்கும் நடுவில் போய் நின்றீர்கள். "ஒரு பக்கத்து வேரு இன்னும் விடல்ல, பாருங்க."

"இனி என்னத்துக்குடீ? மண்ணுல பட்டாச்சு. இந்த வருசம் காட்சியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

"மண்ணுலேந்துதானே வந்துது?"

அண்ணன் கத்தியைத் தாழ்த்தினான். நிமிர்த்திக் கட்டலாமா என்று நான் கேட்டேன். "நிமித்துனா மிச்ச வேரும் அத்துப்போவும் தம்பி. கெடக்கட்டும். கெடந்தே வெளையட்டும்" என்றீர்கள்.

பிறகு நீங்கள் செய்ததைப் பார்த்து ஊர் சிரித்தது. வெளியே தெரிந்த வேருக்கு மண் அணைத்தீர்கள். குலைக்கு அடியில் குழி பறித்து, உலர்ந்த வாழைச் சருகைப் பரப்பினீர்கள். எறும்புக்குச் சாம்பல், வெயிலுக்கு ஓலை மறைப்பு. மனுசிக்குப் பிரசவம் பார்க்கிறாளா, வாழைக்குப் பார்க்கிறாளா என்று பக்கத்து வயல்காரர் கேலி பேசினார். நானும் டூட்டி முடிந்து வந்தால் வீட்டுக்குள் போகாமல் நேரே தோப்புக்குத்தான் போவேன். ஒரு சாயங்காலம் நீங்கள் ஓலையை விலக்கிக் காட்டினீர்கள். தொங்கும்போது மேல் நோக்கி வளைந்திருந்த காய்கள், விழுந்த பிறகு வானம் இருக்கும் திசையைத் தேடி இரண்டாம் முறை வளைந்திருந்தன. ஒரு காய் விடாமல் அத்தனையும். அம்மாடி! கண்ணில்லாத காய்க்கு மேல் எது, கீழ் எது என்று யார் சொன்னது?

மைதானத்துக்கு அதைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துத்தான் தூக்கிப் போனோம். கோணல் குலை கம்பில் தொங்காது. கீழே சாக்கு விரித்துக் கிடத்தினீர்கள். கம்பில் வேறு குலையே இல்லை அந்த வருடம். பரிசு கொடுக்க வந்த அதிகாரி குனிந்து பார்த்து, "என்னம்மா இது, இப்படி முறுக்கிக்கிட்டு இருக்கு?" என்றார்.

"விழுந்த பொறவு திரும்பினது சார்."

அவர் பரிசு தரவில்லை. ஆனால் மைதானத்தில் இருந்த சனம் முழுக்க அந்தச் சாக்கைச் சுற்றித்தான் நின்றது. கேலி பேசிய பக்கத்து வயல்காரர் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு காயை விரலால் தொட்டார். தோப்பு முழுவதையும் இழந்த மனிதர். "இதுல கன்னு உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் பக்கக் கன்றைப் பிரித்துக் கொடுத்தீர்கள்.

இந்த வருடக் கன்றைப் பங்குனியில் உங்கள் கையால் நட்டீர்கள். குலை தள்ளியபோது நீங்கள் உயிரோடு இல்லை. அண்ணன் தோப்புப் பக்கமே போகவில்லை. தை பிறந்ததும் அதே பேச்சு: "இந்த வருசம் வேண்டாம்லே. தாங்க ஆளில்ல." எனக்குக் கோபம் வந்துவிட்டது. மைனி நட்ட வாழையின் குலை அணிலுக்கா என்று கத்தினேன். "நான் தாங்குகேன். நீ வெட்டு." அவன் வெட்டினான். குலை தோளில் இறங்கியபோது என் முழங்கால் மடங்கிவிட்டது மைனி. இந்தப் பாரத்தையா நீங்கள் சிரித்துக்கொண்டே வாங்கினீர்கள்?

மைதானத்தில் ஆட்டோவைவிட்டு இறங்கி, தோளில் குலையோடு உள்ளே போனால் கம்பு காலியாக இருந்தது. இந்த வருடமும் குலையே வரவில்லையோ என்று நினைத்தேன். கீழே பார்த்தேன். எல்லாக் குலைகளும் தரையில், சாக்கின் மேல் கிடந்தன. பாதிக்கு மேல் உங்கள் கன்றின் வழி வந்தவை. நடுவில் ஒரு சாக்கு மட்டும் காலி. பக்கத்து வயல்காரர் எழுந்து வந்து, "ஒங்க மைனிக்கு எடம் போட்டிருக்கு மக்கா" என்றார்.

எனக்குக் கண்ணை மறைத்துவிட்டது. இறக்கத் தோன்றவில்லை. அப்பாவின் சட்டம் அந்த நேரம் பார்த்தா நினைவுக்கு வரவேண்டும்? "மண்ணுல பட்டுருமே" என்று உளறினேன்.

அண்ணன் சாக்கில் சருகைப் பரப்பிக்கொண்டிருந்தான். நீங்கள் போன பிறகு உங்களைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. நிமிராமலே சொன்னான்: "மண்ணுலேந்துதானே வந்துது. வைலே."

வைத்தேன். தோள் இன்னும் வலிக்கிறது. சட்டையை இனி தேய்க்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். வருகிற தைக்கும் இதைத்தான் போடுவேன்.