அடைப்பில்லா அதிசயம்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பெயின்ட் அடிக்கும் மெஷின் ஒன்று திரும்பி வந்தது. வாங்கிப்போனவர் மூன்று நாள் கழுவாமலே போட்டுவிட்டு, "உங்க மெஷின் துப்ப மாட்டேங்குது" என்கிறார். பல் தேய்க்காதவன் பல்லைக் குறை சொன்ன கதை. "பாத்துடலாம் சார்" என்று இளித்துவிட்டுப் பின்கட்டுக்கு அனுப்பினேன்.

பின்கட்டில் நம் விஞ்ஞானி இருக்கிறான். என் மனைவியின் தம்பி. நாலு வருஷமாக என் கடை மெக்கானிக். அரைமணி நேரத்தில் மெஷினைச் சரிசெய்துவிடுவான். அது ஏன் கெட்டது என்று அரைநாள் யோசிப்பான். இந்த யோசனையை யார் கேட்டது?

கடையில் ஒரு பக்கம் பெயின்ட் மெஷின், மறுபக்கம் ஹோட்டல்களுக்குப் பாத்திரம் கழுவும் மெஷின். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களிடம் சொல்வேன்: இரண்டும் பீய்ச்சி அடிக்கும், இரண்டும் அடைத்துக்கொள்ளும். அடைப்பு இருக்கும்வரை எனக்குப் பிழைப்பு இருக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

பெரிய ஹோட்டல்காரர் போனில்: "ஏன்யா, உன் மெஷின் தட்டைக் கழுவுதா, நனைக்குதா?"

விஷயம் பழையதுதான். மெஷினுக்குள் சுழலும் குழாயில் வரிசையாகத் துளைகள். மிச்சம் மீதி எல்லாம் அதில் போய் அடைத்துக்கொள்ளும். குழாயைக் கழற்றி ஊசியால் குத்த வேண்டும், ஒரு வேளைக்கு இரண்டு தடவை. விஞ்ஞானியை அனுப்பினேன். குத்திவிட்டு வா என்றால், குழாயையே தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான். மேஜையில் அதை வைத்து, பக்கத்தில் ஒரு பெயின்ட் துப்பாக்கியை வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். சாப்பிடவும் போகவில்லை.

மார்ச் 12

இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறான்.

மார்ச் 29, சனி

உள்ளதைச் சொல்ல வேண்டும். இன்றைக்கு அவன் என்னை அசத்திவிட்டான்.

பெயின்ட் துப்பாக்கியின் முனை அடைத்தால், அதைத் தலைகீழாகத் திருப்பி ஒரு அழுத்து அழுத்துவோம். பின்னால் வந்து சிக்கியது முன்னால் தெறித்துவிடும். பெயின்ட் அடிக்கிற எவனுக்கும் தெரிந்த வித்தை. இவன் அப்படிப்பட்ட ஆறு முனைகளைக் கழுவும் குழாயில் பொருத்தியிருக்கிறான். மெஷினுக்கு வெளியே ஒரு கைப்பிடி. அடி தீய்ந்த குழம்புச் சட்டியைச் சுரண்டி உள்ளே கொட்டி, வேண்டுமென்றே அடைக்க வைத்தான். கைப்பிடியைத் திருப்பினான். ஆறும் ஒரே சமயத்தில் துப்பின. குழாயைக் கழற்ற வேண்டாம், ஊசி வேண்டாம்.

"இது போதும் மச்சான். இனிமே நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"அத்தான், யாருக்கும் காட்டிடாதீங்க. இன்னும் ரெண்டு மாசம் ஓட்டிப் பாக்கணும்."

ரெண்டு மாசமாம். மூடி வைத்த சரக்கில் பூஞ்சைதான் வளரும். இவனுக்கு எங்கே வியாபாரம் தெரியும்?

ஏப்ரல் 19, சனி

வணிகக் கண்காட்சியில் என் கடைக்குத்தான் கூட்டம். இரண்டாயிரம் நோட்டீஸ். தலைப்பு என் கைவண்ணம்: "அடைப்பில்லா அதிசயம்." கீழே என் போட்டோ, கோட்டுடன்.

குழாயைப் பிரித்துப் போட்டு, முனையைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிக் காட்டினேன். கண்ணாடி போட்ட ஒருவர் பொறுமையாகக் கேட்டார். நாலு பக்கமும் போட்டோ எடுத்தார். வெளிச்சம் போதவில்லை என்றதால் டார்ச் பிடித்ததும் நான்தான். இந்தக் காலத்தில் இவ்வளவு மரியாதையான மனிதரா என்று இருந்தது. அங்கேயே மூன்று ஹோட்டல்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

விஞ்ஞானி ஒரு மூலையில் துக்கத்துக்கு வந்தவன் மாதிரி நின்றான். விற்கிற இடத்தில் அந்த முகத்தைக் கொண்டுவரலாமா?

மே 9, வெள்ளி

மெஷின் தயாரிக்கிற பெரிய கம்பெனியிலிருந்து மேனேஜர் வந்தார். "பேட்டன்ட் எடுத்துட்டு வாங்க. உரிமையை நாங்களே வாங்கிக்கறோம். எங்க எல்லா மெஷின்லயும் இது இருக்கும்."

"பேட்டன்ட் இல்லாட்டி?"

"இல்லாட்டி எதுக்கு சார் வாங்கணும்?" என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். இப்போது யோசித்தால் அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

பேட்டன்டை என் பேரில் எடுக்கப்போவதாக வீட்டில் சொன்னேன்.

"தம்பி பேரு?" என்றாள்.

"அவனுக்கு நோட்டீஸ்ல நன்றி போட்டுடலாம்."

அதற்குப் பிறகு வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின.

மே 13, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே எனக்குச் சாதகமாக மாற்றிச் சொல்லிக்கொள்வேன்.

பேட்டன்ட் வக்கீல் ஒரு அம்மாள். மனுவில் "கண்டுபிடித்தவர்" என்று ஒரு கட்டம். என் பேரைச் சொன்னேன். அந்த அம்மாள் முனையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"துளை ஒரு பக்கம் குறுகி இருக்கே, ஏன்?"

"அது... பார்வைக்கு நல்லா இருக்கட்டும்னு."

"தண்ணி அழுத்தம் இவ்வளவுன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"எல்லாம் அனுபவம்தான் மேடம்."

அந்த அம்மாள் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. குழாயைத் தூக்கிவரக் கூட்டிப்போயிருந்த விஞ்ஞானி, மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க சொல்லுங்க" என்று அவன் பக்கம் திரும்பினார். அரைமணி நேரம் பேசினான். என்னிடம் நாலு வருஷத்தில் அவ்வளவு பேசியதில்லை. நான் கேட்டதும் இல்லை. கட்டத்தில் அவன் பேரை எழுதினார்.

பிறகு, "இதை யாருக்காவது காட்டியிருக்கீங்களா?"

அப்பாடா, பதில் தெரிந்த கேள்வி. நோட்டீஸை விரித்தேன். கண்காட்சிக் கூட்டத்தைச் சொன்னேன், மூன்று ஹோட்டலைச் சொன்னேன், டார்ச் பிடித்ததைக்கூடச் சொன்னேன். அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தார்.

"மனு போடறதுக்கு முன்னாடியே ஊருக்கெல்லாம் காட்டி, வித்தும் இருக்கீங்க. இனிமே இது புதுசுன்னு சட்டம் ஒத்துக்காது சார்."

"நம்ம பொருளை நாமதானே மேடம் காட்டினோம்? யாரும் திருடலையே?"

"திருட வேண்டிய அவசியமே இல்லாம பண்ணிட்டீங்க."

"கண்காட்சித் தேதியைக் கொஞ்சம் தள்ளிச் சொன்னா..."

"நோட்டீஸ்ல தேதி இருக்கு. உங்க போட்டோவுக்கு நேர் கீழே."

திரும்பி வரும்போது வண்டியில் அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திரும்பத் திட்டியிருக்கலாம். ச்சே — அந்த வழியையும் அடைத்துவிட்டான்.

மே 14

தவளையும் தன் வாயால் கெடும் என்று மனைவி சொல்லவில்லை. சொன்ன மாதிரியே காபியை வைத்தாள்.

ஜூன் 30, திங்கள்

கண்காட்சியில் போட்டோ எடுத்த கண்ணாடிக்காரர் கடை திறந்திருக்கிறார். அதே முனை, அதே ஆறு. கைப்பிடி மட்டும் இடது பக்கம். அவர் மூளை அந்த அளவுக்கு வேலை செய்திருக்கிறது. கம்பெனி மேனேஜரும் புது மாடலின் படத்தை எனக்கு அன்புடன் அனுப்பியிருந்தார். அதிலும் ஆறு முனை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஜூலை 2, புதன்

"தனியா ஒரு பட்டறை பாத்திருக்கேன் அத்தான்" என்றான். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தன் கருவிப்பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டான்.

"போ, போ. மூணு மாசத்துல வந்து நிப்பே."

"சரிங்க அத்தான்."

போ, போ என்று ஏன் சொன்னேன்? இரு என்று சொல்லவும் அதே இரண்டெழுத்துதானே செலவு.

ஜூலை 16

புது மெக்கானிக் எதைக் கொடுத்தாலும் "புதுசு மாத்திடலாமா சார்?" என்கிறான். யோசிக்கவே மாட்டான். நான் கேட்ட வரம்.

அக்டோபர் 3

மூணு மாசம் நேற்றோடு முடிந்தது. வரவில்லை. அவன் வேறு என்னவோ செய்கிறானாம், மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"என்னது?"

"உங்ககிட்ட சொல்லக் கூடாதாம்."

அக்டோபர் 21, செவ்வாய்

அவனே கூப்பிட்டிருந்தான். போனேன். பட்டறை சுத்தமாக இருந்தது. நடுவில் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு உருவம். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கையில் ஒரு தாளும் கொடுத்தான். ரகசியம் காப்பதாக உறுதிமொழி. அந்த வக்கீல் அம்மாள் எழுதிக்கொடுத்தது.

"அடுத்த வாரம் மனு போடறேன். விக்கறதுக்கு உங்களை விட்டா ஆள் இல்ல அத்தான். ஆனா கையெழுத்துப் போட்டாத்தான் திறப்பேன்."

"உன் அக்கா புருஷன்டா நான்."

"அதனாலதான் ரெண்டு பக்கம். மத்தவங்களுக்கு ஒரு பக்கம்தான்."

இரண்டு பக்கத்தையும் படித்தேன். "கண்டுபிடித்தவர்" என்ற இடத்தில் அவன் பேர். "விற்பனையாளர்" என்ற இடத்தில் என் பேர். பிழை ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். தார்ப்பாயை இழுத்தான்.

பார்த்தேன். எதைப் பார்த்தேன் என்று இங்கே எழுதப்போவதில்லை. இரண்டாம் பக்கத்தில் "சொந்தக் குறிப்புகளிலும்" என்று ஒரு வரி இருக்கிறது.

திரும்பும்போது பெரிய ஹோட்டல்காரர் போன் செய்தார். "என்னய்யா, புதுசா ஏதாவது வருதா?"

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன். வீடு வரும்வரை நாக்கைக் கடித்துக்கொண்டே வந்தேன்.