கறிவேப்பிலையோடு வந்த செம்பேன்

ஒக்டோபர் 19, ஞாயிறு. ஸ்காபரோ.

சிவநேசனாகிய நான் என் தவறை மறைக்காமல் பதிவதற்காக இதை எழுதுகிறேன். குளிருக்கு முன் பல்கனியிலிருந்த கறிவேப்பிலையை உள்ளே எடுத்து, இந்நாட்டுச் சட்டம் வீட்டில் வளர்க்க அனுமதிக்கும் நான்கு கஞ்சாச் செடிகளின் அருகே வைத்தேன். வெளியிலிருந்து வரும் செடியைத் தனியே வைப்பது என் விதி. வீட்டுக் கறிவேப்பிலையை நான் அந்நியமாக நினைக்கவில்லை. இன்று நான்கிலும் இலைகளுக்கு அடியில் சாறுறிஞ்சும் செம்பேன்கள் ஊர்கின்றன. புற்றுநோய் வலியில் என் மனைவி வசந்தி உறங்குவது இந்தக் கஞ்சாப் பூக்களால்தான்.

“வேப்பெண்ணெய் அடியுங்கோவன்,” என்றாள்.

“பூத்திட்டுது. அடிச்சால் உமக்குள்ளதான் போகும்.”

“எனக்குள்ள போகாத மருந்தெண்டு ஒண்டு இருக்கோ?” சிரித்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

கறிவேப்பிலையை இப்போதே குப்பைக்குக் கொண்டுபோவேன். பிறகு ஒவ்வொரு இலையின் அடியையும் ஈரத்துணியால் துடைப்பேன். எத்தனை இலைகள் என்று எண்ணமாட்டேன்.