அண்ணன் திருத்திய அய்யாசாமி

ராயபுரம், திருப்பூர்
12-2-1993

அன்புள்ள சாரதாமணிக்கு அம்மா எழுதுவது. சிவன்மலையான் புண்ணியத்தில் இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் முழங்கால் உட்பட சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. பங்குனியில் சிவன்மலையில் குழந்தைக்குக் காது குத்துவது சந்தோஷம். ஆனால் தாய்மாமன் மடியில் உட்கார வைக்க மாப்பிள்ளை தயங்குகிறார், பெரியப்பா மகன் மடி போதாதா என்று கேட்டிருக்கிறாய். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உன் கல்யாணத்தில் உன் அண்ணன் சம்பந்தம் குடித்துவிட்டுச் சீர்த்தட்டோடு தவில்காரர் மேல் விழுந்தானே, அந்தத் தவில்காரர் இன்னும் சந்தையில் என்னைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுகிறார். இருந்தாலும் முடிவு செய்வதற்கு முன் இங்கே நடந்ததைக் கேள் கண்ணு.

குடியை நிறுத்தச் சேர்த்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உன் அண்ணன் மறுபடி பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராகச் சேர்ந்தது உனக்குத் தெரியும். சனிக்கிழமைதானே இங்கே எல்லாக் கம்பெனியிலும் சம்பளம், பிராந்திக் கடைக்கும் அன்றுதான் திருவிழா. அதனால் குடியை விட்டவர்கள் சனிக்கிழமை சாயங்காலமே சர்ச்சுக்குப் பின்னால் ஒரு ஹாலில் கூடுகிறார்கள். நீ குடிக்காமல் இருக்க வேண்டுமானால் குடிக்கிற இன்னொருவரைக் கையைப் பிடித்து அழைத்து வா என்று அங்கே சொன்னார்களாம். எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. வகுப்பில் யார் வாய் ஓயாதோ அவனைத்தான் நான் லீடராகப் போடுவேன், மற்றவர்களை அடக்குகிற மும்முரத்தில் அவன் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

சம்பந்தம் ஆள் தேடிக் கிளம்பினான். வீரபாண்டியில் பிராந்திக் கடை வாசலில் வாடிய முகத்தோடு நின்ற ஒருவரை, 'வாங்க, ஒரு டீ குடிக்கலாமுங்க' என்று அழைத்துப்போய், டீ குடித்த சூட்டோடு கூட்டத்துக்கும் கூட்டிப் போய்விட்டான். அவர்தான் அய்யாசாமி, ஒரு கம்பெனியில் பனியனுக்கு இஸ்திரி போடும் அயர்ன் மாஸ்டர். அன்று முதல் சனிக்கிழமை தவறாமல் பஸ் ஸ்டாண்டில் இவனுக்காகக் காத்து நிற்பார், இருவரும் சேர்ந்து போவார்கள். நான் கூட்டிப் போன மனுசன் ஒரு சொட்டுத் தொடுவதில்லை என்று உன் அண்ணனுக்குத் தலைகால் தெரியாத பெருமை.

போன மாதம் அய்யாசாமியின் மனைவி பழனாத்தாள் நம் வீட்டுக்கு வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று காபி கலந்து கொடுத்தேன். அவள் டம்ளரைத் தொடவில்லை. 'ஏனுங்க டீச்சர், என்ற ஊட்டுக்காரரு சென்மத்துல குடிச்சதில்லீங்க. இப்ப வீதியெல்லாம் குடிகாரருங்கறாங்க, எங்கம்மா வந்து மூட்டையக் கட்டுங்கறா' என்று அழுதாள். விசாரித்தால், அன்று அவர் கடை வாசலில் நின்றது உள்ளே கிடந்த மச்சினனை வெளியே இழுக்கவாம். அதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்றால், 'டீ வாங்கிக் குடுத்த மனுசன் மொகத்துக்கு நேரா எப்படி இல்லீங்கறது' என்கிறாராம். போதாததற்குக் கூட்டத்தில் எழுந்து தன் கதையைச் சொல்லச் சொன்னபோது மச்சினன் அட்டகாசத்தையெல்லாம் தன் பேரில் சொல்லியிருக்கிறார். சாக்கடையில் படுத்தது, சேவலோடு சண்டை போட்டுத் தோற்றது, எல்லாம். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. தான் திருத்திய ஒரே ஆள் குடிக்காத ஆள் என்று தெரிந்தால் அந்த வெட்கத்திலேயே உன் அண்ணன் கடைக்குத் திரும்பிவிடுவானே. கொஞ்ச நாள் பொறுத்துக்கொள் தாயே என்று அவளைக் கெஞ்சி அனுப்பினேன்.

இரண்டு வாரத்துக்கு முன் சனிக்கிழமை சம்பந்தம் துணியை அளவு மாற்றி வெட்டிவிட்டான். முதலாளி எல்லார் முன்னாலும், 'நீ குடிக்கறப்பவே நல்லா வெட்டுவியேப்பா' என்று சொல்லிவிட்டார். விஷயம் கேள்விப்பட்டு வாசலிலேயே நின்றேன், பழையபடி. விளக்கு வைத்த பிறகு இரண்டு பேரும் கையில் பஜ்ஜிப் பொட்டலத்தோடு வந்தார்கள். அய்யாசாமி போனதும் சொன்னான், 'கடைவாசல் வரைக்கும் போயிட்டேனுங்கம்மா. அய்யாசாமி அண்ணன் பஸ் ஸ்டாண்டுல நிப்பாரேன்னு ஞாபகம் வந்துருச்சு. நான் போகலீன்னா அந்த மனுசன் விடியற வரைக்கும் நிப்பாருங்க.'

இனிமேல் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. பழனாத்தாள் வந்ததை மெல்ல எடுத்தேன். 'அவரு குடிச்சதில்லீன்னு தெரியுமுங்கம்மா' என்றான் பஜ்ஜியைக் கடித்தபடி. 'சேவக்கதை சொன்னன்னிக்கே தெரியும். குடிகாரன் எவனும் சேவகிட்டத் தோத்தேன்னு சொல்ல மாட்டான், ஜெயிச்சேன்னுதான் சொல்லுவான்.' பின்னே ஏன்டா கேட்கவில்லை என்றேன். 'நம்மள நம்பி வந்து நிக்கறவருகிட்ட எப்படீங்கம்மா கேக்கறது?'

இப்போது இருவரும் சேர்ந்து அந்த மச்சினனையும் இழுத்துப் போகிறார்கள். அவன் எழுந்து தன் கதையைச் சொன்னதும், 'இது அய்யாசாமி கதையாச்சே, சொந்தமா சொல்லப்பா' என்று உட்கார வைத்துவிட்டார்களாம். கூடப்பிறந்தவனும் கூட்டத்துக்குப் போகிறான் என்பதில் பழனாத்தாளுக்குப் பாதிக் கோபம் தீர்ந்தது.

நாளைக்கு என்ன நடக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன் சாரதா. ஆனால் அவனுக்காகக் காத்து நிற்க ஒரு ஆள் இருக்கிறார், அவரைக் காக்க வைக்கக் கூடாது என்ற எண்ணம் இவனுக்கும் இருக்கிறது. எனக்கு அது போதும். குழந்தையை உன் அண்ணன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும் என்று அம்மா சொன்னதாக மாப்பிள்ளையிடம் சொல். காது குத்துவது சனிக்கிழமை ஆனதால் அய்யாசாமியும் வருவார், ஒரு இலை கூடப் போடச் சொல்லிவிட்டேன்.

ரயிலில் குழந்தைக்குக் காதை மூடிக் குல்லாய் போடு. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. பந்தியில் யாராவது அய்யாசாமியிடம், குடியை விட்டது பெரிய விஷயமுங்க என்று பாராட்டினால் நீயும் கூடவே பாராட்டிவிடு. சம்பந்தத்துக்கு எல்லாம் தெரியும் என்பது அந்த மனுசனுக்கு இன்னும் தெரியாது.

உன் அம்மா,
நல்லம்மாள்