எந்தத் தலைக்குள் இருக்கிறாய்

சேசு மரி சூசை துணை

சென்னை
2.2.2025

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

மேரி எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமாக இருக்கப் பூண்டி மாதாவை வேண்டுகிறேன். கடிதத்துக்காகச் சும்மா எழுதவில்லை. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் வேண்டிக்கொள்வது ஒரு பக்கம் நடக்கிறது.

போனில் பேசினால் உங்களுக்குக் கேட்காது. நான் கத்துவேன், கத்தினால் சண்டை. "பேசினாத்தானே சண்டை வருது, எழுதுங்க" என்று பங்குச் சாமியார் சொன்னதால் எழுதுகிறேன். தபால் ஆபீசில் இன்லேண்ட் லெட்டர் கேட்டதற்கு அங்கிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

கூட்டிப் பெருக்குகிற வேலையிலிருந்து என்னை மாற்றிவிட்டார்கள். நான் வேலை பார்க்கும் இந்தப் பொழுதுபோக்குப் பார்க்கில் ஒரு ராட்சத ரயில் இருக்கிறது, தலைகீழாகவெல்லாம் போய் வரும். ஏறி இறங்குவது கண் மூடித் திறக்கும் நேரம். அதற்காகத் தகரக் கொட்டகைக்குள் மணிக்கணக்காக வரிசையில் நிற்கிறார்கள். குழந்தைகள் அழும், புருஷனும் பெண்சாதியும் முறைத்துக்கொள்வார்கள். அவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று எங்கள் மூன்று பேருக்குப் பொம்மைத் தலையை மாட்டி வரிசைக்குள் விட்டிருக்கிறார்கள். கரடி, யானை, முயல். அதில் ஒன்று நான். சிரிக்காதீர்கள்.

தலையை மாட்டிவிட்டால் ஒரு வார்த்தை பேசக் கூடாது. எல்லாம் கைஜாடைதான். மற்ற இருவரும் திண்டாடினார்கள், எனக்கு முதல் நாளே வந்துவிட்டது. என்னோடு அறையில் தங்கியிருக்கும் செம்மொழியும் மூவரில் ஒருத்தி, மயிலாடுதுறைப் பெண். "எங்கக்கா கத்துக்கிட்டீங்க?" என்றாள். காது கேட்காத மனுஷனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு இது ஒரு வித்தையா? விரலைக் குவித்து வாயருகே கொண்டுபோய், கையை விரித்து, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பேனே, அதைச் செய்தாலே வரிசையில் பாதிப் பேர் சிரித்துவிடுகிறார்கள். செம்மொழிக்கும் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்கிறேன்.

நான் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்றைக்கும் உங்களைச் சாப்பிடத்தான் கூப்பிட்டேன். இரண்டு தடவை மெதுவாக, மூன்றாம் தடவை கத்தி. "எதுக்குடி எப்பப் பாத்தாலும் சண்டைக்கு வர்ற?" என்றீர்கள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டவளைக் கேட்ட கேள்வி அது. அதைத்தான் தாங்க முடியவில்லை. இங்கே யாரிடமும் கத்த வேண்டியதில்லை, தொண்டைக்கு ஓய்வு.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
பாத்திமா மேரி


மாதா துணை

திருக்காட்டுப்பள்ளி
20.2.2025

அன்புள்ள மேரிக்கு,

வேதநாயகம் எழுதுவது. உன் கடிதம் வந்தது. இதைக் கொள்முதல் நிலையத்து வாசலில், நம் நெல் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சம்பா அறுத்தாயிற்று. நெல்லில் ஈரம் இருக்கிறது, காய வை என்றார்கள். காய வைத்தால் தூறல் போடுகிறது, படுதாவைப் போட்டு மூடினால் வெயில் அடிக்கிறது. எனக்கு முன்னால் குவியல் குவியலாக நெல், குவியலுக்கு ஒரு ஆள் என்று உட்கார்ந்திருக்கிறோம். நீயும் வரிசையில்தான் வேலை பார்க்கிறாய், நானும் வரிசையில்தான் கிடக்கிறேன்.

இங்கேயும் ஒரு கரடியோ யானையோ வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. வராது என்பதால் நானே எழுந்து இரண்டு குதி குதித்துக் காட்டினேன். பக்கத்துக் குவியல் அல்லா பிச்சை பாய் பீடியை எடுத்துவிட்டு ஏதோ சொன்னார். உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், "வேதநாயகத்துக்கு வெயில் ஏறிடுச்சு." அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள்.

மேரி, நீ அன்றைக்குக் கூப்பிட்டது எனக்குச் சாப்பாடாகக் கேட்கவில்லை. சத்தமாக மட்டும்தான் கேட்டது. இத்தனை வருஷம் கதிர் அறுக்கிற வண்டி ஓட்டியவன் காதில் வேறென்ன மிஞ்சும்? முகத்தைப் பார்த்தால் எனக்கு எல்லாம் புரியும். நீ அடுப்படிக்குள் இருந்தாய்.

வயலில் நமக்குச் சண்டையே வந்ததில்லை, கவனித்தாயா? நான் ஒரு வரப்பு, நீ ஒரு வரப்பு. தலைத்துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டேன் என்றால் வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். நீயும் உன் துண்டை உதறித் தோளில் போட்டால் சரி, போகலாம். அதற்கு மேல் பேச்சு எதற்கு?

வீட்டில் ஒரு ஆளுக்குச் சமைப்பது பெரிய தொல்லை. குழம்பு மூன்று நாளைக்கு வருகிறது.

அதிருக்கட்டும், நீ எந்தத் தலைக்குள் இருக்கிறாய் என்று எழுதவே இல்லையே.

இப்படிக்கு,
வேதநாயகம்


சேசு மரி சூசை துணை

சென்னை
13.4.2025

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இன்று குருத்து ஞாயிறு. லீவு கிடைக்கவில்லை, பூசைக்குப் போக முடியவில்லை. நம் கோயிலில் குருத்தோலை வாங்கினீர்களா? வாங்கியிருந்தால் படத்துக்குப் பின்னால் செருகி வையுங்கள், அடுப்புக்கு எரிக்க வேண்டாம். போன வருஷம் அதுதான் நடந்தது.

பரீட்சை முடிந்துவிட்டது, இனிக் கூட்டத்துக்குக் கேட்கவே வேண்டாம். தலைக்குள் வெந்து போகிறது. வாயிருக்கிற இடத்தில் ஒரு வலை, அது வழியாகத்தான் உலகத்தைப் பார்க்கிறேன். குழந்தைகள் ஓடி வந்து கட்டிக்கொள்கிறார்கள். நமக்குத்தான் ஒன்று இல்லாமல் போயிற்று, இங்கே ஒரு நாளைக்கு எத்தனையோ. ஆனால் கட்டிக்கொள்வது பொம்மையை. கேட் திறந்ததும் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்காது. அதில் தப்பில்லை, அவர்கள் வந்தது ரயிலுக்கு.

சாயங்காலம் தலையைக் கழற்றி வைத்துவிட்டு அதே வரிசை வழியாகத்தான் வெளியே வருகிறேன். சற்று முன்னால் என் தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்ட பெண், "கொஞ்சம் நகருங்கம்மா" என்கிறாள். அந்த நேரத்தில் யாராவது என்னை மேரி என்று கூப்பிட மாட்டார்களா என்று இருக்கிறது. கத்திக் கூப்பிட்டாலும் பரவாயில்லை.

எந்தத் தலை என்று சொல்ல மாட்டேன். முகத்தைப் பார்த்தால் எல்லாம் புரியும் என்று எழுதியிருந்தீர்களே, முகமே இல்லாமல் கண்டுபிடியுங்கள் பார்ப்போம். இத்தனை வருஷம் கூட இருந்தவருக்கு அது தெரிய வேண்டாமா? எங்கே, நீங்களாவது வருவதாவது. கல்லணை தாண்டினாலே ஊருக்குத் திரும்ப வேண்டும் என்பீர்கள்.

பழைய குழம்பைச் சாப்பிடாதீர்கள்.

இப்படிக்கு,
பாத்திமா மேரி


மாதா துணை

திருக்காட்டுப்பள்ளி
1.6.2025

அன்புள்ள மேரிக்கு,

நான் வந்தேன். புதன்கிழமை. திருவையாற்றில் அசோகா அல்வா வாங்கிக்கொண்டு, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தேன்.

வரிசையைத் தேட வேண்டியிருக்கவில்லை. கொட்டகைக்குள் நுழையும் இடத்தில் கரடி நின்றது, கழுத்தில் சிவப்பு மப்ளர், ஒரு சிறுவன் அதன் வாலைத் தேடிக்கொண்டிருந்தான். முயலைக் காணவில்லை. கேட்டுக்குப் பக்கத்து வளைவில் யானை. அது என்னைப் பார்த்து விரலைக் குவித்து வாயருகே கொண்டுபோய், கையை விரித்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டது. அந்தக் கையை எனக்குத் தெரியாதா? ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்புறம் அந்த வளைவை விட்டு நகர மனமில்லை. நகர்ந்தால் ரயிலில் ஏற்றிவிடுவார்கள். பின்னால் வந்தவர்களிடமெல்லாம் "நீங்க போங்க, நீங்க போங்க" என்று வழிவிட்டுக்கொண்டே நின்றேன். கேட்டில் இருந்தவர் ஏதோ அதட்டினார், எனக்குத்தான் கேட்காதே. காது போனதில் அது ஒரு லாபம். நீ தும்பிக்கையால் ஒருவர் தொப்பியை எடுத்ததும், தடுக்கி விழுவதுபோல் விழுந்ததும், கூட்டத்தோடு நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். நம் வீட்டில் நீ இப்படியெல்லாம் இருந்ததில்லையே என்று அதற்குப் பிறகு ஒரு வருத்தம் வந்தது.

வெயில் தாழ்ந்ததும், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, உன் எதிரிலேயே உதறித் தோளில் போட்டேன். நீ பதிலுக்கு எதையும் தோளில் போடவில்லை. பிறகு கையைத் தூக்கி டாட்டா காட்டினாய். எல்லோருக்கும் காட்டுகிற டாட்டாதான், ஆனாலும் என் முகத்தைப் பார்த்துத்தான் காட்டினாய்.

எனக்குப் புரிந்தது. கோபமில்லை, மேரி. அங்கே உன்னைச் சுற்றி அத்தனை சிரிப்பு இருக்கிறது, இங்கே வந்து யாருக்காகக் கத்துவாய்? அசோகாவைப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன்.

இந்த வருஷம் குறுவை போடவில்லை. பழைய முதலாளியின் அறுப்பு வண்டியோடு கர்நாடகா பக்கம் போகிறேன். காது போனவனை அந்தச் சத்தம் இனி என்ன செய்துவிடும்? ஊர் ஊராகப் போவதால் முகவரி கிடையாது. உனக்கு ஏதாவது வேண்டுமென்றால் முதலாளி கடைக்கு எழுது. சாவி பக்கத்து வீட்டுக் கமலாம்பாளிடம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
வேதநாயகம்


சேசு மரி சூசை துணை

திருக்காட்டுப்பள்ளி
18.6.2025

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நம் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் கடிதம் விடுதி மேசையில் பத்திரிகைகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது. கண்ணில் பட்ட அன்றே வேலையை விட்டுவிட்டுக் கிளம்பினேன். அதற்குள் வண்டி போய்விட்டது. "அறுப்பு முடிஞ்சுதான் வருவாராம்" என்று சாவியைக் கொடுத்தார் கமலாம்பாள்.

யானை நான் இல்லை. யானை செம்மொழி. அந்தக் கையை நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், அதனால் உங்கள் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். உங்கள் துண்டு ஜாடை அவளுக்கு எப்படித் தெரியும்? யாரோ பெரியவர் கிளம்புகிறார் என்று டாட்டா காட்டினாள். "அய்யோ அக்கா, அவரா?" என்று, நீங்கள் வந்துபோன ராத்திரி நான் சொன்னதும் அழுதது அவள்தான்.

நான் கரடி. வாசலிலேயே உங்களைப் பார்த்துவிட்டேன். நீங்கள் என்னைத் தாண்டிப் போனீர்கள். எனக்கு என் இடத்தை விட்டு நகர அனுமதி இல்லை, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கண்டுபிடிக்கட்டும் என்ற வீம்பு. திரும்புவார், திரும்புவார் என்று நின்றேன். அன்றைக்கு எத்தனையோ பேர் கரடியைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கென்று வந்த ஒரே ஆள் யானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் சிரித்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன், தோள் குலுங்கியது. அதைக் கெடுக்கவும் மனம் வரவில்லை.

நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டதும் என் வீம்பெல்லாம் போய்விட்டது. என்னிடம் துண்டு இல்லை. கரடியின் மப்ளரை அவிழ்த்து, உதறி, தோளில் போட்டேன். சரி, போகலாம் என்றேன். அதற்குள் நீங்கள் திரும்பிக் கயிற்றுக்கு அடியில் குனிந்து வெளியே போய்க்கொண்டிருந்தீர்கள். கூப்பிட எனக்கு அனுமதி இல்லை. கூப்பிட்டிருந்தாலும் உங்களுக்குக் கேட்டிருக்காது. தலையைக் கழற்றிவிட்டு வெளியே ஓடி வந்தபோது எங்கே பார்த்தாலும் கூட்டம், வெள்ளை வேட்டி ஒன்றுகூட இல்லை. ஊருக்குப் போய் எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன், அதுதான் தப்பு.

காவிரியில் தண்ணீர் விட்டுவிட்டார்கள், நம் வாய்க்கால் நனைந்திருக்கிறது. குறுவைக்கு நாற்று விட ஆள் சொல்லிவிட்டேன், உங்களைக் கேட்கவில்லை. குருத்தோலை படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது, அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது.

இந்தக் கடிதத்தை முதலாளி கடைக்கு அனுப்புகிறேன். எந்த ஊரில், எப்போது உங்கள் கைக்கு வரும் என்று அவருக்கே தெரியாது. காத்திருப்பவர்களுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தேன், இப்போது நானே காத்திருக்கிறேன். இங்கே வேடிக்கை காட்ட ஆளில்லை, வரிசையில் எனக்குப் பின்னாலும் யாருமில்லை. சாயங்காலம் வரப்புக்குப் போய், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தனியாக வீட்டுக்கு வருகிறேன்.

இனி அடுப்படியிலிருந்து கூப்பிட மாட்டேன். எதிரே வந்து நின்று, முகத்தைக் காட்டிக் கூப்பிடுகிறேன். சாப்பிட வாங்க.

உங்கள்,
மேரி