ஜெயம் பார்த்துக்கொள்ளும் பேட்டரி

முத்தியால்பேட்டை, பாண்டிச்சேரி
18-11-1984

அன்புள்ள அப்பாவுக்கு வடிவு வணக்கத்துடன் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலி குறைந்ததா? மழையில் வயலுக்குப் போகாதீர்கள்.

இங்கேயும் சென்ற வாரம் காற்றும் மழையும்தான். எங்கள் பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன் நடக்கும்போது கரண்ட் போய்விட்டது. கவலைப்படாதீர்கள், தாயும் பிள்ளையும் சுகம். அதற்குக் காரணம் என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் ஜெயம்.

அவசர விளக்குக்கு என்று ஒரு கார் பேட்டரி வைத்திருக்கிறோம். அதை ஜெயம்தான் பார்த்துக்கொள்கிறாள். விளக்கு கொஞ்ச நேரம் எரிந்தாலும் அன்றைக்கே சார்ஜ் போடுவாள். நிறைந்ததும் மறக்காமல் கழற்றிவிடுவாள். கிரிக்கெட் கேட்க ரேடியோவுக்குக் கொடு என்று கம்பவுண்டர் கேட்டபோது, "அடியோட வத்த உட்டா பேட்டரி செத்துப்பூடும் அண்ணே, தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அன்று குழந்தை அழுது, கடைசித் தையல் போடும் வரைக்கும் விளக்கு மங்கவே இல்லை. டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே, "புது பேட்டரியா ஜெயம்?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர், வாங்கி நாலு வருசமாவுது."

கரண்ட் வந்ததும் நாங்கள் டீ குடிக்க உட்கார்ந்தோம். அவள் முதலில் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் வந்தாள். இப்படி ஒருத்தியோடு வேலை செய்வது எனக்குப் பெருமையாக இருக்கிறது அப்பா.

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது. அதோடு அம்மாவின் பழைய சேலை ஒன்றும் அனுப்புங்கள். கம்பளி இருக்கிறது, இருந்தாலும் போர்த்திக்கொள்ள வேண்டும். துவைக்காமல் அனுப்பச் சொல்லுங்கள், அம்மா வாசனை அதிலேயே இருக்கட்டும்.

டியூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் மகள்
வடிவு