ஜோதி அண்ணிக்கு, மூன்று கப்புகள் பற்றி

என் ஆசை ஜோதி அண்ணிக்கு,

ஊர் முன்னால் உன்னை ‘நீங்க’ என்றும், நாம் இருவர் மட்டும் இருக்கும்போது ‘நீ’ என்றும்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கப்போகிறார்கள். ஆனாலும் ‘நீ’ என்றே எழுதுகிறேன். படிப்பவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்.

உனக்கு ஒரு செய்தி. நான் துணியை விட்டுவிட்டேன், நாப்கின் பேடையும் விட்டுவிட்டேன். மாதவிலக்கு நாட்களில் இப்போது கப் வைத்துக்கொள்கிறேன். டீ குடிக்கிற கப் இல்லை. ரப்பர் போல வளைகிற ஒரு சின்ன சிலிக்கான் கிண்ணம், அடியில் காம்பு வைத்தது. மடித்து உள்ளே வைத்தால் விரிந்து ஒட்டிக்கொள்ளும். உதிரம் அதில் சேரும். எடுத்துக் கொட்டிவிட்டு, கழுவி, மறுபடி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒன்று வாங்கினால் பல வருஷம் வரும்.

நீ இந்நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ச்சீ, இன்னாடி சொல்ற?" என்று கேட்டிருப்பாய். அடுத்த நிமிஷமே, "எங்க, காட்டு" என்று கையை நீட்டியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

உன்னை நினைத்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. ஒரு துணிக்காகச் செத்துப்போனாயே! மாதவிலக்கு வந்த பெண்கள் ஒதுங்கியிருக்க நம் ஊர்க்கோடியில் இருக்கிறதே அந்தத் தூரக் குடிசை, அதில் ஐப்பசி மழையில் தனியாகக் கிடந்தாய். அலசிய துணி ஆண்கள் கண்ணில் படக்கூடாது என்று, நம் ஊரில் எல்லோரும் செய்வதுபோல, கூரைப் புல்லுக்குள் செருகிவைத்திருந்தாய். அதை எடுக்கக் கையை விட்டபோது உள்ளே பாம்பு இருந்தது.

ஜீப் பிடித்து, மலைப்பாதை இறங்கி, கள்ளக்குறிச்சிக்கு உன்னைக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஜீப்பிலிருந்து இறங்கிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துபோனது.

காரியம் முடிந்த அன்றைக்கே அண்ணனிடம் கேட்டேன்.

"அந்தக் குடிசைய இன்னா பண்ணப் போறீங்க?"

"புதுப் புல்லு போட்டு வேயணும்னு பேசிக்கினு இருக்காங்க."

"நாளைக்கி நித்யா பெரிய மனுஷி ஆனா?"

உன் புருஷன் தலையை நிமிர்த்தவே இல்லை. "ஊருன்னு ஒரு வழக்கம் கீது கோகிலா. நான் ஒருத்தன் இன்னா பண்ண முடியும்?" என்றான்.

உன்னைக் கொன்ற இடத்திலேயே உன் மகளையும் உட்காரவைப்பார்களாம். அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன். வெள்ளிமலையிலிருந்து கீழே வந்து சேரும்வரை ஒரே எண்ணம்தான். நித்யா அந்தக் குடிசைக்குள் கால் வைக்கக்கூடாது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை.

கள்ளக்குறிச்சியில் நான் வேலை செய்கிற ஜவுளிக்கடையை நீ பார்த்திருக்கிறாய். கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை நின்றபடியேதான் வியாபாரம். பாத்ரூம் போவதென்றால் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நைட்டி பிரிவில் நிற்கும் ஒரு பெண்தான் சாப்பாட்டு நேரத்தில் இந்தக் கப்பைப் பற்றிச் சொன்னாள். அவள் என்னென்னவோ சொன்னாள். "காய வைக்கிற வேலயே இல்லக்கா" என்றது மட்டும்தான் என் காதில் விழுந்தது. அன்று சாயங்காலமே மெடிக்கலில் போய் ஒன்று வாங்கிவிட்டேன்.

மலையில் இருப்பவர்களிடம் கொண்டுபோவதற்கு முன்னால் நானே போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். முதல் தடவை சொதப்பினால் ஒருத்தியும் மறுபடி தொட மாட்டாள். ஐம்பது புடவையை விரிக்கச் சொல்லிவிட்டு "கலர் புடிக்கல" என்று எழுந்து போகிறவர்களை நான் மனசுக்குள் திட்டாத நாள் கிடையாது. இப்போது நானே அப்படி ஒரு கிராக்கி ஆனேன்.

முதல் கப் கெட்டியானது. மடித்துப் பிடித்தால் விரல் கொஞ்சம் தளர்ந்ததும் டப்பென்று விரிந்துகொள்ளும். ஒரு தடவை கையை விட்டு எகிறிப் பக்கெட் தண்ணீரில் விழுந்தது. வைத்த பிறகு ஒரு சொட்டு கசியவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் உள்ளே யாரோ விரலை வைத்து அழுத்துவதுபோல ஓயாமல் ஒன்றுக்கு முட்டிக்கொண்டே இருந்தது. நான் சூப்பர்வைசர் முன்னால் போய் நிற்பதும் அவர் முறைப்பதுமாக நாள் போனது.

அதை எடுக்கப்போன கதையைக் கேள். காம்பைப் பிடித்து இழுக்கிறேன், இழுக்கிறேன், வருவேனா என்கிறது. பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேவிட்டேன். போன் பண்ணினால் அந்த நைட்டி பிரிவுப் பெண் சிரிக்கிறாள். "காம்ப இழுக்காதக்கா. அடிப்பக்கம் அமுக்கு. காத்து உள்ள போனா தானா வந்துடும்" என்றாள். அமுக்கினேன், வந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

இரண்டாவது, ஆன்லைனில் வரவழைத்தது. ரோஸ் கலர், பஞ்சுபோல மெத்தென்று இருந்தது. வைத்ததே தெரியவில்லை. எப்படித் தெரியும்? அது உள்ளே போய் விரியவே இல்லை, கசிந்துவிட்டது. எங்கள் யூனிபார்ம் புடவை சந்தன நிறம். மிச்ச நேரம் முழுக்கப் பட்டுப்புடவை அலமாரியில் முதுகைச் சாய்த்தபடியே வியாபாரம் பார்த்தேன். கல்யாணப் பட்டு எடுக்க வந்திருந்த மணமகளின் அம்மா, "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

மூன்றாவது இரண்டுக்கும் நடுவாந்திரம். கொஞ்சம் குட்டை, காம்புக்குப் பதிலாக வளையம். பிள்ளை பெற்றவளுக்குப் பெரிய சைஸ்தான் என்று அட்டையில் போட்டிருந்தார்கள். எனக்கு இந்தக் குட்டைதான் பொருந்தியது. ரவிக்கை மாதிரிதான் இதுவும், அவரவர் உடம்புக்கு அவரவர் அளவு. நீ போன அடுத்த வருஷத் தீபாவளிக் கூட்டத்தில் அதை வைத்துக்கொண்டு நின்றேன், குனிந்தேன், ஏணியில் ஏறினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அப்படி ஒன்று வைத்திருக்கிற ஞாபகமே வந்தது. நீ இருந்திருந்தால் எதைக் கேட்டிருப்பாய் அண்ணி? பிடிவாதக்காரி, கெட்டியானதைத்தான் கேட்டிருப்பாய்.

வளையம் வைத்ததில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு மலை ஏறினேன். உன் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா அக்காவிடம் கொடுத்தேன். உன்னோடு சாமைக்காட்டில் களை எடுத்தவள், உனக்கு அடுத்து அந்தக் குடிசையில் படுத்தவள். அவளை விட்டால் நான் யாரிடம் போவேன்?

"இது வயித்துக்குள்ள ஏறிக்கினா இன்னாடி பண்றது?" என்றாள்.

"வயித்துக்குப் போறதுக்கு வழியே கெடையாதுக்கா."

தலையை ஆட்டினாள். நம்பவில்லை என்பது அடுத்த மாதம்தான் தெரிந்தது. துணியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொள்வது நம் ஊர்ப் பழக்கம் இல்லையா? அதேபோல அக்கா அந்த வளையத்தில் நூலைக் கோத்து, இடுப்புக் கயிற்றில் முடிந்துகொண்டு களை எடுக்கப் போயிருக்கிறாள். "குனிஞ்சிக்கினு இருந்த வரிக்கும் ஒன்னுமில்லடி. நிமுந்தேன் பாரு, மூட்ட அவுந்த மாதிரி மொத்தமும் வந்துடுச்சி!" என்று போனில் கத்தினாள்.

"நூல அவுத்துப் போடுக்கா. அது எங்கயும் போவாது."

"மாட்டயே கட்டலன்னா போயிடுதுடி!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன்னிடம் இதைச் சொல்ல முடியவில்லையே என்று மறுபடியும் தண்ணீர் வந்தது.

அதற்கடுத்த மாதம் நூல் இல்லாமல் வைத்தாள். "கோகிலா! நாளெல்லாம் காட்டுல வேல செஞ்சேன். தண்ணி எடுத்தேன். என் வூட்டுலயே படுத்தேன். ஒருத்தருக்கும் தெர்ல!" என்று சின்னப் பிள்ளைபோலச் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியும் சத்தமில்லாமல் கப்புக்கு மாறிவிட்டால், குடிசையில் ஆளே இல்லாமல் போய்விடும், யாரோடும் சண்டை போட வேண்டாம் என்று கணக்குப் போட்டேன்.

பொங்கலுக்குப் போனபோது, "கப்ப எங்கக்கா வச்சிருக்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அக்கா வீட்டுப் பின்பக்கம் போனாள். கூரைப் புல்லுக்குள் முழங்கைவரை கையை விட்டாள்.

நான் போட்ட கூச்சலில் கோழிகளெல்லாம் சிதறி ஓடின. அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். அவளுக்கும் அப்போதுதான் உன் ஞாபகம் வந்திருக்கும், முகம் வெளிறிப்போனாள்.

"வேற எங்கடி வைப்பேன்? வூட்டுல ஆம்பளைங்க கீறாங்க. அடுப்புல வச்சி கொதிக்க வைய்யின்னு நீ சொன்ன, தீட்டுச் சாமான அடுப்புல ஏத்த வுடுவாங்களா? சுடுதண்ணில முக்கி எடுத்து வச்சிக்கினு இருந்தேன்."

அவளைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? உன் கை கூரைக்குள் போனதற்குத் துணி காரணமில்லை, ஒளித்துவைத்ததுதான் காரணம். துணி போய்க் கப் வந்த பிறகும் ஒளித்துவைப்பது போகவில்லை. நாளைக்கு நித்யாவின் கையும் அங்கேதான் போகும். யாருக்கும் தெரியாமல் ஜெயித்துவிடலாம் என்று நான் போட்ட கணக்கு தப்பு என்று அன்றைக்குப் புரிந்தது. இனிமேல் தெரிந்தேதான் செய்ய வேண்டும்.

நித்யா பெரிய மனுஷி ஆகிவிட்டாள் அண்ணி. வெள்ளிமலையில் அவள் தங்கிப் படிக்கிற விடுதியிலிருந்து எனக்குப் போன் வந்தது. புதுத்துணியோடு ஓடினேன். என்னைவிட உயரமாகிவிட்டாள், உன்னைப்போலவே காதோரம் முடி சுருண்டிருக்கிறது. வெட்கப்படுவாள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவள் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டாள்.

"அத்த, லீவுல ஊருக்கு வந்தா நான் அங்க போவணுமா?"

குடிசை என்ற வார்த்தையை அவள் வாயால் சொல்லவில்லை. போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லிவிட்டேன், அண்ணி. இனி நான் பின்வாங்க முடியாது.

போன வாரம், எனக்கு மாதவிலக்கு வருகிற நாளாகப் பார்த்து லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். வேண்டுமென்றே கப்பைக் கொதிக்க வைக்காமல் பையில் எடுத்துக்கொண்டேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் குச்சி நறுக்கிக்கொண்டிருந்தான். எதிரில் போய் நின்று சொன்னேன்.

"அண்ணா, எனக்கு இன்னிக்கி தூரம். குடிசைக்கிப் போவ மாட்டேன், வூட்டுலதான் படுப்பேன். இதுதான் நான் வச்சிக்கிறது. அடுப்புல வச்சி கொதிக்க வைக்கணும்."

கப்பைக் கையில் வைத்துக் காட்டினேன். அவன் தெருவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கப்பை மட்டும் பார்க்கவில்லை.

"வெளிய மூணு கல்ல வச்சி கொதிக்க வச்சிக்கயேன்."

"நித்யாவும் வெளியதான் வச்சிக்கணுமா? அவ ஒளிச்சி வைக்கிறதுக்கும் கூரையில எடம் பாத்து வச்சிருக்கியா?"

நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றுவிட்டது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று எனக்கே ஒரு கணம் பட்டது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"ஊர்ல கேட்டா?" என்றான்.

"கேக்கட்டும். கோகிலா சொன்னான்னு சொல்லு."

எழுந்து உள்ளே போய்விட்டான். சரி, இனி ஊரைக் கூட்டித்தான் பேச வேண்டும் என்று நான் மனசைத் திடப்படுத்திக்கொண்டு நின்றேன். உள்ளே பாத்திரங்களை உருட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு சின்ன அலுமினிய ஏனத்தோடு வந்தான்.

"நித்யா கொழந்தையா இருக்க சொல்ல ஜோதி பால் காச்சுனது. இதுல வைய்யி."

"எங்க வைக்க?"

"அடுப்பு உள்ளதான் எரியுது."

தண்ணீரை அவனே ஊற்றினான். அடுப்புக்கு முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எவ்ளோ நேரம் கொதிக்கணும்?" என்று கேட்டுக்கொண்டு விறகைத் தள்ளினான். கொஞ்ச நேரம் கழித்து, "ஜோதி இருக்க சொல்லவே நான் இத்த செஞ்சிருக்கணும் கோகிலா" என்றான். ஆமாம் என்றேன்.

வாசலில் நிழல் தட்டியது. பச்சையம்மா அக்கா எட்டிப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள், ஏனத்தைப் பார்த்தாள், அண்ணன் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தாள். திரும்பிப் போனாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். தன் கப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தெரு வழியாகவே திரும்பி வந்தாள்.

"அந்த ஏனத்துல இன்னொன்னுக்கு எடம் கீதா?"

நித்யா லீவுக்கு வருகிற அன்று நானும் ஊரில் இருப்பேன் அண்ணி. கப்பா, பேடா, துணியா என்பதை அவளே முடிவு செய்துகொள்ளட்டும், அதில் நான் வாயைத் திறக்க மாட்டேன். துணி என்றால் அது வாசல் கொடியில் வெயிலில் காயும். ஊர் கூடிக் கேட்கும், தெரியும். கேட்கட்டும், நாள் முழுக்க நின்று பதில் சொல்லிப் பழகியவள்தான் நான். உன் மகள் உன் வீட்டுக்குள், அவள் அப்பா பக்கத்தில் இருக்க, கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவாள். இது உன்மேல் சத்தியம்.

உன்னை இன்னும் ‘நீ’ என்றே கூப்பிடும்
உன் நாத்தனார்,
கோகிலா