உன் அறையில் நிற்கும் கப்பல்

என் செல்ல மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அம்மா என்னைவிடச் சுகம், உன் அத்தை எங்கள் இருவரையும்விடச் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட நேரம் கிடைக்காத அளவுக்கு வேலை பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவானேன் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததுமே நீ "அப்புறம்பா" என்று இழுக்க ஆரம்பித்துவிடுகிறாய். அந்த "அப்புறம்" வந்தால் வைத்துவிடு என்று அர்த்தம், அது தெரியாத அளவுக்கு நான் மந்தமில்லை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. தவிர, போனில் பேசினால் உன் அம்மா காதில் விழும், அவள் கையில் இப்போதெல்லாம் எந்நேரமும் ஒரு ரம்பம் இருக்கிறது.

அம்மா கப்பல் கட்டுகிறாள் என்று உனக்குத் தெரியும், ஆனால் ஏதோ அட்டையில் ஒட்டி விளையாடுகிறாள் என்றுதான் நீ நினைத்துக்கொண்டிருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். பல் டாக்டர் கடையைக் கட்டிக்கொண்டு போனபோது, இத்தனை காலம் அங்கே பல் செட் செய்துகொண்டிருந்த உன் அம்மா தன் அரம், சுரண்டி, கம்பி வளைக்கும் குறடு, குட்டி மோட்டார் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இனிமேல் ஓய்வெடுப்பாள், எனக்கும் காலையில் சூடாக இரண்டாவது காபி கிடைக்கும் என்று கனவு கண்டேன். இரண்டாவது காபி போகட்டும், முதலாவதையே நான்தான் போட்டுக்கொள்கிறேன். ஒரு நாள் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் ஒரு கப்பல் வரைந்தாள். எந்த நாட்டுக் கப்பல் இது என்று கேட்டேன். எந்த நாட்டிலும் இல்லாத கப்பல் என்றாள். படகுச் சவாரியில் கரையை விட்டு நகரும் முன்பே வாந்தி எடுத்தவள் இவள், நினைவிருக்கிறதா? அவளுக்குக் கப்பல் வரைய என்ன தகுதி என்று கேட்க வாயெடுத்தேன், ஆனால் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கப்பலை நீ பார்க்க வேண்டும். முன்பக்கம் கோபத்தில் தலையைத் தூக்கிய வாத்து மாதிரி வளைந்து நிற்கும், பின்பக்கம் மூன்று மாடி வீடு ஒன்று குடித்தவன் போலச் சாய்ந்திருக்கும், நடுவில் தோட்டம். ஏணிப்படிகள் எல்லாம் வெளிச்சுவரில்தான். ஏன் என்று கேட்டதற்கு, ஒருத்தர் அறை வழியாக இன்னொருத்தர் போகக் கூடாதாம், கதவைத் தட்டாமல் யாரும் உள்ளே வரக் கூடாதாம். அடிக்கட்டையும் விலாச் சட்டங்களும் உன் பழைய கட்டிலின் பலகையில் அறுத்தவை. ஆமாம், உன் கட்டில்தான், இப்போது அதிர்ச்சியடைந்து பயனில்லை. விலாவின் மேல் ஒட்டும் பட்டைகளுக்கு ஜன்னலில் தொங்கிய மூங்கில் திரை போயிற்று. ஒவ்வொரு குச்சியையும் சோறு வடிக்கும் பானையில் வெந்நீரில் ஊறப்போட்டு, மெழுகுவர்த்தி நெருப்பில் காட்டி, பல்லுக்குக் கம்பி வளைக்கிற மாதிரி வளைத்து வளைத்து ஒட்டினாள். பிறகு அந்தப் பானையிலேயே சோறும் வடித்தாள். வட்ட ஜன்னல்களுக்கு என் ஷூவின் பித்தளைக் கண்ணிகள். பாய்களுக்கு என் வெள்ளைச் சட்டைகள், அவற்றை டீத்தண்ணீரில் முக்கிப் பழுப்பாக்கிவிட்டாள். மிச்சமிருந்த பல் செட் மாவு வீணாகக் கூடாதென்று மாடி வீட்டுக்கு அதில் ஓடு செய்து வேய்ந்தாள். கூரை முழுக்க ஈறு நிறம். உலகத்திலேயே சிரித்துக்கொண்டு போகும் கூரை உள்ள கப்பல் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் உன் அறையில் நடந்தது. நடந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நானும் இருந்தேன். அப்போதுதான் உன் அத்தை போன் செய்தாள். மாடிப்படி ஏற முடியவில்லை, தனியாக இருக்கப் பிடிக்கவில்லை, தம்பி வீட்டில் மகள் அறை சும்மாத்தானே கிடக்கிறது, இனி அங்கேயே இருந்துகொள்கிறேன் என்றாள். உன் அத்தையைத்தான் உனக்குத் தெரியுமே, அவள் கேட்பது கேள்வி மாதிரியே இருக்காது. நானும் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்த பழக்கத்தில், வரும் வண்டிக்கெல்லாம் கை காட்டுவதுபோல, வா அக்கா என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகுதான் உன் அம்மாவிடம் சொன்னேன். கப்பலைத் தூக்கி அலமாரி மேல் வைத்துக்கொள்ளலாமே என்று யோசனையும் சொன்னேன். அவள் அந்த வாரமே கப்பலுக்கு இன்னொரு பாய்மரம் நட்டாள், மற்ற இரண்டையும்விட உயரமாக. அலமாரிக்கும் கூரைக்கும் நடுவே அது இனி நுழையாது.

உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? அத்தைக்கு ரூமைக் கொடுத்துவிடுங்கள், அம்மா அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க என்றாய். கடல் கடந்து உட்கார்ந்துகொண்டு அடுத்தவரை அட்ஜஸ்ட் பண்ணச் சொல்வது எவ்வளவு சுலபம் பார். அதை நான் புத்தி கெட்டுப்போய் உன் அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தேன். அதனால்தான் நீ கூப்பிட்டால் அவள் பசை காய்கிறது, கை வேலையாக இருக்கிறது என்று போனை என்னிடமே தள்ளுகிறாள். அவளுக்கு முட்டி வலி, எழுந்து வர முடியவில்லை என்று நான் உன்னிடம் சொன்னது பொய்.

அடுத்த கூத்தைக் கேள். அத்தை வர ஒரு வாரம் இருக்கும்போது, உன் அம்மா கண் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்து, கப்பலை நானே ஹாலுக்கு மாற்றிவிடலாம் என்று தூக்கினேன். கதவு நிலையில் இடித்து, கப்பலின் மூக்கில் ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு மளுக்கென்று முறிந்தது. திரும்ப மேசையில் வைத்து, செருப்பு ஒட்டும் பசையைத் தடவி நிறுத்திவிட்டு, கப்பல் கவிழ்ந்தவன் மாதிரி கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். மாதிரி என்ன, ஏறக்குறைய அதுதான் நடந்திருந்தது. வந்ததும் ஒரு பார்வை பார்த்தாள். இது உங்க கைவரிசை என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு போய் அந்த மேசைக்கு அடியிலேயே படுக்கையை விரித்தாள். நான் வாசலில் நின்று, இந்த வயசில் தரையில் படுக்கலாமா, ஒரு பொம்மைக் கப்பலுக்காக இப்படியா, அக்கா என்ன நினைப்பாள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் எழுந்து உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள். "இத்தனை வருஷமா ஊர்ல இருக்கிறவங்க வாய்க்கெல்லாம் அளவெடுத்துச் செஞ்சேன். என் அளவுக்கு நான் செஞ்சது இது ஒண்ணுதான். இதுக்கு ஒரு ரூம் இல்லைன்னா எனக்கும் இந்த வீட்ல ரூம் இல்லை." எதற்கும் பதில் வைத்திருப்பேன் என்று பேர் எடுத்த உன் அப்பன் வாயை அடைக்க ஒரு மூங்கில் குச்சிக் கப்பல் தேவைப்பட்டது.

இதற்கு மேல் ஒரு இடி வேறு காத்திருந்தது. கப்பலின் முகப்பில் காற்றை எதிர்த்து நிற்கிற மாதிரி ஒரு பெண் பொம்மை இருக்குமே, அதை அவள் கடைசியாகச் செய்து வைத்தாள். இடுப்பில் ஒரு கை, நிமிர்ந்த தாடை, உலகத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்கிற பார்வை, முன்னால் இரண்டு பீங்கான் பல். சாட்சாத் உன் அத்தை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, உங்க அக்கா எப்ப வந்தாங்க என்று கேட்டுவிட்டுப் போனார். இதை எடுத்துவிடு என்று கெஞ்சினேன், மாட்டேன் என்றாள். கடைசியில் என் கைக்குட்டையை அதன் தலையில் கட்டி மூடிவைத்தேன்.

உன் அத்தை இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, என் ரூம் எது என்று நேராக உள்ளே போனாள். கப்பலைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். மூடிவைத்ததை முதலில் திறந்து பார்ப்பது அவள் பிறவிக் குணம், கைக்குட்டையை உருவிவிட்டாள். உன் அம்மா சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் இருவருக்கும் நடுவில், இரண்டு பக்கமும் அடி வாங்கத் தயாரான மத்தளமாக நின்றேன். அத்தை குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "இது நான்தானே?" என்றாள். உன் அம்மா பின்வாங்கவில்லை. "ஆமா அண்ணி, நீங்கதான்." எதுக்கு என்னைக் கொண்டுபோய் முன்னாடி வச்சிருக்கே என்று கேட்டாள். எந்த அலை வந்தாலும் முதலில் வாங்குகிற ஆள் அது, அதற்கு வேறு யார் முகமும் தாங்காது என்று உன் அம்மா சொன்னாள். அது புகழ்ச்சியா குத்தலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, உன் அம்மாவுக்கே விளங்குமோ என்னவோ.

அத்தை பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். கத்தப்போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். "பல்லு தப்பு," என்றாள். இடது பக்கத்துப் பல்தான் மேலே ஏறியிருக்கும், நீ வலது பக்கத்தில் ஏற்றியிருக்கிறாய் என்றாள். ஏறியிருந்த பல் எங்கே, எல்லாம்தான் கொட்டிப்போயிற்றே. அவள் பேசும்போதெல்லாம் வாய்க்குள் பல் செட் கடகடவென்று ஆடியது. தம்பி பெண்டாட்டி கையால் செய்த பல்லைப் போடுவதா என்று அந்தக் காலத்தில் வேறு எங்கோ போய்ச் செய்துகொண்டு வந்தாளே, அதே செட். உன் அம்மா கையை நீட்டினாள். அத்தை முறைத்துவிட்டு, என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, அதைக் கழற்றிக் கொடுத்தாள் போலிருக்கிறது. கதவுக்கு வெளியே நின்ற எனக்கு, இதை எந்தக் கொத்தனார் பூசினான் அண்ணி என்று உன் அம்மா கேட்பதும், கப்பலுக்கு ஓட்டை போடும் குட்டி மோட்டார் ஓடுவதும், பிறகு இருவரும் சிரிப்பதும் கேட்டது. என்னைப் பற்றித்தான் சிரித்திருப்பார்கள், சந்தேகமே இல்லை.

நிலவரம் இப்போது இதுதான். உன் அறை அம்மாவுக்கும் கப்பலுக்கும். என் படுக்கையறையை, என் கட்டிலோடு, என் மின்விசிறியோடு, உன் அத்தை எடுத்துக்கொண்டாள். நான் ஹால் சோபாவில், கால் வெளியே தொங்க. இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள் என்று நீ கற்பனை பண்ணிக்கொண்டு கண்ணைத் துடைக்காதே. சமையலறையில் தினமும் உப்புக்கும் மிளகாய்க்கும் போர் நடக்கிறது, அத்தை கப்பலின் மாடிப்படியில்கூடக் குறை சொல்கிறாள், உன் அம்மா பதிலுக்குப் பதில் கொடுக்கிறாள். ஒரு வித்தியாசம், அத்தை இப்போது அந்த அறைக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறாள். நான் தட்டினால் யாரு என்று கேட்கிறார்கள்.

நேற்று கப்பலில் யார் யாருக்கு எந்த அறை என்று அம்மா காட்டினாள். முன்னால் அத்தைக்கு, ஈறு நிறக் கூரைக்குக் கீழே தனக்கு, தோட்டத்தை ஒட்டிய சின்ன அறை உனக்கு. இனி இந்த வீட்டில் உனக்கு இருக்கிற அறை அது ஒன்றுதான், விரலை நீட்டினால் சுவர் இடிக்கும், அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்.

நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் நீடூழி வாழ வேண்டும், உங்கள் வீட்டில் ஆளுக்கொரு அறையும், தட்டிவிட்டு நுழையும் பழக்கமும் இருக்கட்டும் என்று வாழ்த்துகிறேன். மறக்காமல் அம்மாவுக்குப் போன் பண்ணு. முட்டியைப் பற்றிக் கேட்காதே, கப்பலைப் பற்றிக் கேள், அவள் பேசி முடிக்கும்வரை "அப்புறம்மா" என்று மட்டும் சொல்லிவிடாதே. எனக்கு எந்த அறை என்று நானும் கேட்டேன். கப்பலுக்குப் பின்னால் நூலில் கட்டித் தொங்கும் சின்னப் படகைக் காட்டினாள். துடுப்பாவது உண்டா என்றேன். ஒன்று செய்து தருகிறாளாம், ஒரு துடுப்பை வைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கலாமாம்.

இப்படிக்கு,
படகில் இருக்கும் உன் அப்பா